அமெரிக்காவில் சோசலிசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் ஸோரான் மம்தானி ஜெயித்ததிலிருந்து, "அமெரிக்காவில்கூட சோசலிஸ்டுகள் இருக்கிறார்களா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இருக்கிறார்கள். ஏறக்குறைய 200 வருடமாக இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் டெப்ஸ் பற்றிய பகுதியையும் மில்வாக்கி பற்றிய பகுதியையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான சரக்குதானே?

பாதி உண்மை. ஆட்களில் பலர் கப்பலேறி வந்தவர்கள்தான். ஆனால் பூர்வகுடிகளையும் அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களையும் விட்டால், அந்த நாட்டில் எல்லோருமே அப்படி வந்தவர்கள்தானே.

ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆலை முதலாளி 1825ல் இந்தியானா மாநிலத்தில் நியூ ஹார்மனி என்ற ஊரையே விலைக்கு வாங்கி, பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அதே வருடம் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்திலேயே அவரைப் பேச அழைத்தார்கள். சோசலிசம் அப்போது யாரையும் பயமுறுத்தவில்லை. புதுமையான பரிசோதனை என்றுதான் பார்த்தார்கள். குடியிருப்பு சுமார் 2 வருடத்தில் கலைந்துபோனது.

விஸ்கான்சினில் 1844ல் செரெஸ்கோ என்று இன்னொரு குடியிருப்பு. அதுவும் சில வருடங்களில் முடிந்து, அந்த இடம் ரிப்பன் என்ற ஊரோடு சேர்ந்துவிட்டது. 1854ல் அடிமை முறைக்கு எதிராகக் கூட்டம் போட்டு, குடியரசுக் கட்சி பிறந்த இடம் என்று இன்றுவரை பெருமை பேசிக்கொள்கிறதே, அதே ரிப்பன்தான். இன்று சோசலிசம் என்றாலே கொதிக்கிற கட்சிக்குப் பிறந்த ஊர் அப்படி அமைந்துவிட்டது.

1848ல் ஜெர்மனியில் புரட்சி தோற்றதும் அங்கிருந்து தப்பியவர்கள் பெரிய அளவில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கார்ல் மார்க்சின் நண்பர் ஜோசப் வெய்டமையர். உள்நாட்டுப் போரில் லிங்கனின் படையில் அதிகாரியாக இருந்தார். மார்க்ஸே 10 வருடத்துக்கு மேல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழுக்கு லண்டனிலிருந்து கட்டுரை எழுதிச் சம்பாதித்தவர். அவர் கையில் வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்ச வருமானத்தில் முக்கியமானது அது.

மார்க்ஸ் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார் என்பது உண்மையா?

உண்மை. 1864ல் லிங்கன் இரண்டாம் முறை ஜெயித்தபோது, சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் அனுப்பிய வாழ்த்துச் செய்தியை மார்க்ஸ்தான் எழுதினார். லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதர் சார்ல்ஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் வழியாக மரியாதையான பதிலும் வந்தது. அதை வைத்து இருவரும் நண்பர்கள் என்று வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் கதை.

மே தினம் அமெரிக்காவில் பிறந்ததா? அங்கே அன்று விடுமுறைகூட இல்லையே?

இரண்டுமே சரி. 1886 மே 1 அன்று 8 மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுவதும் வேலைநிறுத்தம் நடந்தது. மே 4 இரவு சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில், கூட்டம் முடிகிற நேரத்தில் போலீஸ் மீது யாரோ வெடிகுண்டு வீசினார்கள். வீசியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனாலும் 8 பேர் மீது வழக்குப் போட்டு 4 பேரை 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிட்டார்கள். ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி 3 பேரை 1893ல் இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்டு விடுதலை செய்தார். விசாரணையே நேர்மையாக நடக்கவில்லை என்று எழுதியும் வைத்தார். 1896ல் மறுபடி ஆளுநர் தேர்தலில் நின்றபோது தோற்றார்.

தூக்கிலிடப்பட்டவர்கள் தங்களை அராஜகவாதிகள், அதாவது அரசு என்ற அமைப்பே கூடாது என்பவர்கள், என்று சொல்லிக்கொண்டவர்கள். 1889ல் பாரிசில் கூடிய சோசலிஸ்டுகள் மே 1 ஐ உலகத் தொழிலாளர் நாளாக்கினார்கள். அமெரிக்க அரசு 1894ல் செப்டம்பரின் முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் தினமாக அறிவித்து ஒதுங்கிக்கொண்டது. 1958ல் அதிபர் ஐசனோவர் மே 1 ஐ "சட்ட தினம்" என்று அறிவித்தது தனி வேடிக்கை.

யூஜின் டெப்ஸ் யார்?

இந்தியானாவின் டெர ஹாட் ஊர்க்காரர். 1855ல் பிறந்தவர். 14 வயதில் ரயில்வே வேலைக்குப் போய், நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் ஆனார். அப்புறம் சங்கத்துப் பொறுப்பு, ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு முறை உறுப்பினர். இதுவரை புரட்சி எதுவும் இல்லை.

1894ல் புல்மன் போராட்டம்தான் அவரைத் திருப்பியது. ரயிலுக்குப் படுக்கை வசதிப் பெட்டிகள் செய்த புல்மன் கம்பெனி, சிகாகோ பக்கத்தில் தொழிலாளிகளுக்கென்று ஓர் ஊரையே கட்டி வைத்திருந்தது. வீடு கம்பெனியுடையது, கடைக் கட்டடம் கம்பெனியுடையது, தேவாலயக் கட்டடத்துக்கும் கம்பெனிதான் வாடகை கேட்டது. 1893ல் பொருளாதாரம் படுத்ததும் சம்பளத்தை வெட்டினார்கள். வீட்டு வாடகையில் மட்டும் ஒரு காசு குறைக்கவில்லை. வாடகைப் பிடித்தம் போகச் சிலருக்குக் கையில் சில சென்ட்தான் மிஞ்சியது.

டெப்ஸின் அமெரிக்க ரயில்வே சங்கம், புல்மன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் இயக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. சிகாகோவிலிருந்து மேற்கே ரயில்கள் நின்றுபோயின. தபால் ஓட்டம் தடைப்படுகிறது என்று காரணம் காட்டி அதிபர் கிளீவ்லாண்டு ராணுவத்தை இறக்கினார். நீதிமன்றம் தடையாணை போட்டது. அதை மீறியதற்காக டெப்ஸுக்கு 6 மாதச் சிறை. சங்கம் சிதறியது. முதலாளி ஒரு பக்கம் என்றால் அரசும் நீதிமன்றமும் ராணுவமும் அதே பக்கம்தான் என்பது அவருக்கு எந்தப் புத்தகத்தையும்விட அந்த வருடத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும். 1897ல் தன்னை சோசலிஸ்ட் என்று அறிவித்தார். 1901ல் அமெரிக்க சோசலிஸ்ட் கட்சி உருவானது.

1900, 1904, 1908, 1912, 1920 என்று 5 முறை அதிபர் தேர்தலில் நின்றார். 1908ல் தொண்டர்கள் காசு சேர்த்து அவருக்காக ஒரு ரயிலையே வாடகைக்கு எடுத்தார்கள். "ரெட் ஸ்பெஷல்" என்று பெயர். பாண்டு வாத்தியம், சிவப்புக் கொடி, கட்டுக்கட்டாகத் துண்டறிக்கைகள் என்று ஊர் ஊராகப் போனது. மேடையில் அவர் மார்க்சை மேற்கோள் காட்டியதைவிட, அந்த நாட்டு மக்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ஜெஃபர்சனையும் பைபிளையும் லிங்கனையும் எடுத்துப் பேசியதுதான் அதிகம். கூட்டம் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

1912ல் ஏறக்குறைய 9 லட்சம் ஓட்டு. மொத்தத்தில் 6 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் டெபாசிட் காலி. ஆனால் அப்போது கட்சியில் ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், நாடு முழுவதும் மேயர், கவுன்சிலர், பள்ளி வாரியம் என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பதவிகளில் கட்சிக்காரர்கள். அதிபர் ஓட்டை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

சிறையில் இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்றாராமே?

ஆமாம். 1917ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், போருக்கு ஆள் சேர்ப்பதைத் தடுக்கும் பேச்சைக்கூடத் தண்டிக்கும் உளவுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1918 ஜூன் 16 அன்று ஒகாயோ மாநிலம் கான்டன் நகரப் பூங்காவில் டெப்ஸ் பேசினார். அதற்குச் சற்று முன்புதான், போரை எதிர்த்ததற்காக அதே ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தோழர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். போரை அறிவிப்பது எப்போதும் ஆளும் வர்க்கம், சாவது எப்போதும் கீழே இருப்பவன் என்பதுதான் பேச்சின் சாரம். கூட்டத்தில் சுருக்கெழுத்தாளரை உட்காரவைத்து அரசு அதைக் குறிப்பெடுத்தது.

அவருக்கு 10 வருடத் தண்டனை கிடைத்தது. தண்டனைக்கு முன் நீதிமன்றத்தில் அவர் சொன்னது அங்கே இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: கீழ்த்தட்டு என்று ஒன்று இருக்கும்வரை நான் அதில் இருக்கிறேன்; குற்றவாளி என்று ஒரு கூட்டம் இருக்கும்வரை நான் அவர்களில் ஒருவன்; சிறையில் ஓர் உயிர் இருக்கும்வரை நான் சுதந்திரமானவன் இல்லை. 1919ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தண்டனையை உறுதி செய்தது.

1920 தேர்தலில் அட்லாண்டா சிறையின் 9653ஆம் எண் கைதியாக நின்றார். கைதி எண் போட்ட பேட்ஜை ஆதரவாளர்கள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். 9 லட்சத்துக்கு மேல் ஓட்டு வந்தது. எண்ணிக்கையில் 1912ஐவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வருடம் நாடு முழுக்கப் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்து மொத்த வாக்காளர் தொகை பெருகியிருந்ததால், சதவீதம் 3.4 ஆக இறங்கிவிட்டது. "சிறையிலிருந்தே சாதனை" என்று எழுதுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

விடுதலை செய்ய அதிபர் வில்சன் மறுத்துவிட்டார். அடுத்து வந்த ஹார்டிங், பழமைவாதக் குடியரசுக் கட்சிக்காரர், 1921 கிறிஸ்துமஸ் அன்று விடுவித்தார். ஊருக்குப் போகும் வழியில் வெள்ளை மாளிகைக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லி நேரிலும் பார்த்தார். டெப்ஸ் 1926ல் இறந்தார். டெர ஹாட்டில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அந்த உளவுத் தடுப்புச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் அமலில் இருக்கிறது.

ஓட்டுப் போட்டது யார்? நியூயார்க் தையல் தொழிலாளிகள்தானா?

அவர்களும்தான். நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில் இத்திஷ் பேசும் யூதத் தொழிலாளர்கள் 1914ல் மேயர் லண்டன் என்பவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் (மேயர் அவர் பெயர், பதவியல்ல). ஆனால் சதவீதக் கணக்கில் கட்சி பலமாக இருந்த மாநிலங்களில் ஒன்று ஓக்லஹோமா. இன்று குடியரசுக் கட்சியின் கோட்டை.

அங்கே குத்தகை விவசாயிகள் பஞ்சு விளைவித்து, விளைச்சலில் பங்கை நிலக்காரனுக்கும், கொள்ளை வட்டியைக் கடைக்காரனுக்கும் கொடுத்துவிட்டுக் கடனோடு வீடு திரும்பினார்கள். கோடையில் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போய், கூடாரம் அடித்து, நாள்கணக்கில் நடக்கும் சோசலிஸ்ட் முகாம்களில் உட்கார்ந்தார்கள். பாட்டு, பிரசங்கம், விவாதம் எல்லாம் உண்டு. கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களின் அச்சு அசல். 1914 ஆளுநர் தேர்தலில் அந்த மாநிலத்தில் ஏறக்குறைய 5ல் ஒரு ஓட்டு சோசலிஸ்டுக்கு விழுந்தது.

இவர்கள் படித்த வாரப் பத்திரிகை கான்சஸ் மாநிலத்தில் ஜிரார்டு என்ற சின்ன ஊரிலிருந்து வந்தது. விற்பனை 5 லட்சத்தைத் தாண்டியது. 1905ல் சிகாகோ இறைச்சிக் கூடங்களைப் பற்றி அப்டன் சின்க்ளேர் எழுதிய தொடர்கதை அதில்தான் வெளியானது. மறு வருடமே இறைச்சிச் சோதனைச் சட்டமும் உணவு மருந்துச் சட்டமும் வந்தன. அவருக்கு அதில் வருத்தம்தான். தொழிலாளியின் துயரத்தைச் சொல்லி மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தப்பிப்போய் வயிற்றில் பட்டுவிட்டது என்றார்.

பதவிக்கு வந்த இடத்தில் என்னதான் செய்தார்கள்?

சாக்கடை கட்டினார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

விஸ்கான்சினின் மில்வாக்கி ஜெர்மானியர்கள் நிறைந்த தொழில் நகரம். லஞ்சத்தில் ஊறிய நிர்வாகத்தால் வெறுத்துப்போயிருந்த மக்கள் 1910ல் எமில் சைடல் என்ற மரவேலைக்காரரை மேயராக்கினார்கள். பெரிய அமெரிக்க நகரம் ஒன்றில் முதல் சோசலிஸ்ட் மேயர். அவருக்குச் செயலாளராக இருந்தவர் கார்ல் சாண்ட்பர்க். பிற்காலத்தில் நாடறிந்த கவிஞர். 1912ல் இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்து ஒரே வேட்பாளரை நிறுத்தி சைடலைத் தோற்கடித்தன. ஆனால் 1916ல் டேனியல் ஹோன் ஜெயித்தார். 24 வருடம் அசைக்க முடியவில்லை. பிறகு 1948 முதல் 1960 வரை ஃபிராங்க் சைட்லர்.

இந்த மூவரும் நகரத்துக்குக் கொண்டுவந்தது பூங்கா, ஏரிக்கரை, சுத்தமான தண்ணீர், தடுப்பூசி, நேர்மையான டெண்டர். கட்சிக்குள் நியூயார்க் தலைவர்களுக்கு இது இளக்காரம். மில்வாக்கிக்காரர்கள் எப்போது பார்த்தாலும் தங்கள் ஊர்க் கழிவுநீர்த் திட்டத்தைப் பற்றியே பெருமையடிக்கிறார்கள் என்று அவர்களுக்கு "சாக்கடை சோசலிஸ்டுகள்" என்று பெயர் வைத்தார்கள். இவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, பட்டமாக வைத்துக்கொண்டார்கள்.

ஜோன்ஸ் தீவுக் கழிவுநீர் நிலையம் 1925ல் செயல்படத் தொடங்கியது. அங்கே கழிவை நுண்ணுயிர்களை விட்டுத் தின்னவைத்து, மிஞ்சும் சகதியை உலர்த்தி, மூட்டை கட்டி, 1926 முதல் "மிலார்கனைட்" என்ற பெயரில் உரமாக விற்றார்கள். புல்தரைக்குப் போடும் அந்த உரம் இன்றும் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது. சோசலிசத்தைத் திட்டிக்கொண்டே வீட்டு முன்புறப் புல்லுக்கு அதைத் தூவுகிறவர்கள் எத்தனை பேரோ!

கடன் வாங்கவும் இவர்களுக்குப் பிடிக்காது. வட்டி கட்டுவது என்றால் ஊர் வரிப் பணத்தை வங்கி முதலாளிக்குத் தூக்கிக் கொடுப்பது என்பது அவர்கள் கணக்கு. அதனால் வரவுக்குள் செலவு செய்து கடனை அடைத்தார்கள். என்னைக் கேட்டால், அமெரிக்க சோசலிசத்தின் மிகப் பெரிய வெற்றி இந்த ஊர்தான். மேடைப் புரட்சியை ரசிப்பவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம்.

அப்புறம் கட்சி ஏன் சரிந்தது?

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. முதல் அடி போர். போரை எதிர்த்ததால் பத்திரிகைகளுக்குத் தபால் சலுகை பறிபோனது. கிராமத்து வாசகர்களுக்குப் பத்திரிகை போவதே தபாலில்தான் என்பதால் அது உயிர்நாடியை அறுத்த மாதிரி ஆனது. ஓக்லஹோமாவில் 1917 ஆகஸ்டில் வெள்ளை, கருப்பின, பூர்வகுடி விவசாயிகள் சேர்ந்து கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு எதிராகக் கிளம்பினார்கள். வாஷிங்டன்வரை நடப்பது, வழியில் வயலில் இருக்கும் பச்சைச் சோளத்தைத் தின்றுகொள்வது என்பது திட்டம். சில நாளில் அடக்கிவிட்டார்கள். கட்சி அதை நடத்தவில்லை என்றாலும் பழி கட்சி மேல் விழுந்து, மாநிலக் கிளையே கலைந்தது.

மில்வாக்கியின் விக்டர் பெர்கர் கதையையும் சொல்ல வேண்டும். 1910ல் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் சோசலிஸ்ட். 1918ல் மறுபடி ஜெயித்தபோது, போர் எதிர்ப்பு வழக்கைக் காட்டிப் பிரதிநிதிகள் சபை அவரை உட்கார விடவில்லை. இடைத்தேர்தல் வைத்தார்கள். மக்கள் அவரையே திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் கதவைச் சாத்தினார்கள். 1921ல் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ரத்து செய்தபின் 1923ல் தான் போய் உட்கார முடிந்தது. நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1920ல் 5 சோசலிஸ்ட் உறுப்பினர்களை மொத்தமாக வெளியேற்றியது.

இன்னொரு அடி உள்ளிருந்தே வந்தது. ரஷ்யப் புரட்சியைப் பின்பற்றுவதா என்ற சண்டையில் 1919ல் கட்சி உடைந்து, கம்யூனிஸ்டுகள் தனியே போனார்கள். போனவர்களும் ஒன்றாகப் போகவில்லை, முதல் நாளிலேயே இரண்டு கட்சி. நம் ஊர் இடதுசாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் அங்கே ஒன்றா?

இல்லை. 1919க்குப் பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதுதான் அதிகம். சோசலிஸ்டுகள் தேர்தல் வழி. கம்யூனிஸ்டுகள் மாஸ்கோ சொல்படி. 1930களில் தொழிற்சங்கம் கட்டுவதிலும், தென் மாநிலங்களில் கருப்பின மக்களுக்காக வழக்காடுவதிலும் கம்யூனிஸ்டுகள் துணிச்சலாக உழைத்தார்கள். 1939ல் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் போட்டதும் ஒரே இரவில் பேச்சை மாற்றி, சம்பாதித்த நம்பிக்கையைத் தொலைத்தார்கள்.

ரூஸ்வெல்ட் சோசலிஸ்டா?

இல்லை. 1933ல் அவர் அதிபராகப் பதவியேற்றபோது 4ல் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் மூடிக் கிடந்தன. முதலாளித்துவத்தைக் காப்பாற்றுவதுதான் அவர் நோக்கம், அதை அவரே மறைக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த சரக்குகள் பல, சோசலிஸ்டுகளின் தேர்தல் அறிக்கையில் பல வருடமாகக் கிடந்தவை. முதியோர் ஓய்வூதியத்துக்கு நாடாளுமன்றத்தில் முதல் மசோதா கொண்டுவந்தவர் பெர்கர், 1911ல். சட்டமானது 1935ல்.

டெப்ஸுக்குப் பின் கட்சியின் முகமாக இருந்தவர் பாதிரியார் நார்மன் தாமஸ். 1928 முதல் 1948 வரை 6 முறை அதிபர் வேட்பாளர். உங்கள் கொள்கைகளை ரூஸ்வெல்ட் நிறைவேற்றிவிட்டாரே என்று கேட்டால், ஆமாம், ஸ்ட்ரெச்சரில் வைத்து வெளியே தூக்கிப் போனார் என்பது அவருடைய பதில். 1932ல் அவருக்கு 9 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டு. 1936ல் அது 2 லட்சத்துக்கும் கீழே போனது. தொழிலாளிகள் ரூஸ்வெல்ட் பின்னால் போய்விட்டார்கள். "அமெரிக்கர்கள் தெரிந்தே சோசலிசத்தை ஏற்க மாட்டார்கள், தாராளவாதம் என்ற பெயரில் கொடுத்தால் ஏற்பார்கள்" என்று தாமஸ் சொன்னதாக இணையத்தில் சுற்றுவதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பகிராதீர்கள்.

கருப்பின மக்களின் போராட்டத்தோடு என்ன உறவு?

சிக்கலான உறவு. ஆரம்ப சோசலிஸ்டுகளில் பலர் இன விஷயத்தில் குருடர்கள். மில்வாக்கியைப் பற்றி இவ்வளவு புகழ்ந்தேனே, அந்த பெர்கர் வெளிப்படையாகவே நிறவெறி எழுதியவர். டெப்ஸ் தனிமனிதராக நியாயமானவர். ஆனால் கருப்பினத்தவருக்கென்று தனியாகக் கொடுக்கக் கட்சியிடம் எதுவும் இல்லை, எல்லாம் வர்க்கப் பிரச்சினைதான் என்று எழுதினார். அதில் இருந்த ஓட்டை அப்போதே பலருக்குத் தெரிந்தது.

ஆனாலும் நூலிழை அறுந்துவிடவில்லை. ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கருப்பினப் பணியாளர்களுக்கு 1925ல் சங்கம் கட்டிய ஆசா பிலிப் ராண்டால்ஃப் சோசலிஸ்ட். 1941ல் வாஷிங்டனை நோக்கிப் பேரணி வருவேன் என்று அவர் எச்சரித்ததும், ராணுவத் தளவாட ஆலைகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்து ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். 1963ல் மார்ட்டின் லூதர் கிங் "கனவு" பற்றிப் பேசிய பேரணிக்குத் தலைமை அதே ராண்டால்ஃப்தான். அத்தனை ஏற்பாட்டையும் செய்தவர் பேயர்டு ரஸ்டின், அவரும் சோசலிஸ்ட். அந்தப் பேரணியின் முழுப்பெயரில் "வேலைக்கும் விடுதலைக்கும்" என்று வேலைதான் முதலில் வரும். 1952ல் கிங்கே, பிற்பாடு மனைவியான கொரெட்டாவுக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரத்தில் நான் முதலாளித்துவத்தைவிட சோசலிசத்தின் பக்கம்தான் என்று எழுதியிருக்கிறார்.

மெக்கார்த்தி காலத்தில் என்ன நடந்தது?

அரசைக் கவிழ்க்கச் சொல்வதையே குற்றமாக்கிய 1940ன் ஸ்மித் சட்டத்தின்கீழ் 1949ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆசிரியர், நடிகர், அரசு ஊழியர் என்று பலர் சந்தேகத்தின் பேரிலேயே வேலை இழந்தார்கள். செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி இந்தக் கம்யூனிஸ்ட் வேட்டையில் பிந்தி வந்து பெயரைத் தட்டிச் சென்றவர். அவர் விஸ்கான்சின்காரர். அவர் ஆடிய அதே வருடங்களில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய நகரத்துக்கு ஒரு சோசலிஸ்ட் மேயர் இருந்தார் என்பது அங்கே பலருக்கே தெரியாது.

கனடா, பிரிட்டன் மாதிரி பெரிய தொழிலாளர் கட்சி ஏன் உருவாகவில்லை?

1906லேயே ஜெர்மன் அறிஞர் வெர்னர் சோம்பார்ட் இதைக் கேட்டுவிட்டார். வறுத்த மாட்டிறைச்சியும் ஆப்பிள் பையும் கிடைக்கிற நாட்டில் சோசலிசம் எடுபடாது என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. ஓக்லஹோமாக் குத்தகைக்காரர் வீட்டில் ஆப்பிள் பை வழிந்தோடவில்லை.

தேர்தல் முறைதான் பெரிய சுவர். அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார், அதிபரைத் தேர்வாளர் குழு தேர்ந்தெடுக்கும் என்ற ஏற்பாட்டில் மூன்றாம் கட்சிக்குப் போடும் ஓட்டு வீண் என்று மக்கள் நினைப்பது இயல்பு. வேட்பாளர் பெயர் வாக்குச்சீட்டில் ஏறவே மாநிலத்துக்கு மாநிலம் கையெழுத்து வேட்டை நடத்த வேண்டும். பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் சாமுவேல் காம்பர்ஸ் சோசலிஸ்டுகளை அண்டவிடவில்லை. நிறம், மொழி, மதம் என்று தொழிலாளிகள் பிரிந்து கிடந்தார்கள். இதற்கு மேல் சிறையும் நாடுகடத்தலும்.

இன்னொன்று, அந்த நாட்டில் வேட்பாளருக்கு "சீட்" கொடுப்பது கட்சி மேலிடம் அல்ல. உட்கட்சித் தேர்தலில் சாதாரண வாக்காளரே தேர்ந்தெடுக்கிறார். எனவே புதுக் கட்சி கட்டுவதைவிடப் பழைய கட்சிக்குள் நுழைவது சுலபம். இதை முதலில் கண்டுகொண்டவர் ஆர்தர் டவுன்லி.

யார் அந்த டவுன்லி?

வடக்கு டகோட்டாவில் சோசலிஸ்ட் கட்சி அமைப்பாளராக இருந்தவர். 1915ல் கட்சியை விட்டு வந்து, கோதுமை விவசாயிகளைச் சேர்த்து "கட்சி சாரா கூட்டமைப்பு" என்று ஒன்றை ஆரம்பித்தார். கோதுமையை எடை போட்டுத் தரம் பிரிப்பது வெளியூர் வியாபாரி, கடன் தருவது வெளியூர் வங்கி, ஏற்றிப் போவது வெளியூர் ரயில் கம்பெனி. எல்லாவற்றையும் மாநிலமே நடத்தட்டும் என்றார்கள். தனிக் கட்சி தொடங்காமல், குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தங்கள் ஆட்களை நிறுத்தி 1916ல் ஆளுநர் பதவியைப் பிடித்தார்கள்.

1919ல் அரசு வங்கி தொடங்கினார்கள். 1922ல் கிராண்டு ஃபோர்க்ஸ் நகரில் அரசு மாவு ஆலை. கூட்டமைப்பின் ஆளுநரை வாக்காளர்கள் 1921லேயே, பதவிக் காலம் முடியும் முன்பே, ஓட்டுப் போட்டுத் திருப்பி அழைத்துவிட்டார்கள். வங்கியையும் ஆலையையும் யாரும் மூடவில்லை. ட்ரம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடும் அந்த மாநிலத்தில் இரண்டும் இன்றும் லாபத்தில் ஓடுகின்றன.

பெர்னி சாண்டர்ஸ் செய்தது என்ன?

1981ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகர மேயரானார், 10 ஓட்டு வித்தியாசத்தில். 1990ல் பிரதிநிதிகள் சபை, 2006ல் செனட். அதற்கெல்லாம் முன்பே, 1979ல், டெப்ஸ் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார். சுயேச்சையாகவே இருந்துகொண்டு 2016ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கி சுமார் 1.3 கோடி ஓட்டு வாங்கினார். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, இலவசக் கல்லூரி என்ற கோரிக்கைகள் அதன்பிறகு கட்சிக்குள் சாதாரணப் பேச்சாகிவிட்டன. டவுன்லியின் வழிதான், அளவு மட்டும் பெரிது.

அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் என்ற அமைப்பு, சுருக்கமாக டி.எஸ்.ஏ., 1982ல் உருவானது. பல வருடம் சுமார் 6 ஆயிரம் பேரோடு முடங்கிக் கிடந்தது. 2016க்குப் பின் 90 ஆயிரத்தைத் தாண்டியது. அது கட்சி அல்ல. அதற்கென்று சின்னம் கிடையாது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பெயரில்தான் நிற்கிறார்கள். 2018ல் நாடாளுமன்றத்துக்கு ஜெயித்த அலெக்சாந்திரியா ஒகாசியோ கோர்டெஸ் அப்படி வந்தவர்தான்.

மம்தானி வாக்குறுதிகளை நிறைவேற்ற முடியுமா?

ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. வாடகை ஏற்றத்தை நிறுத்துவது அவர் கைக்கு எட்டும் விஷயம். வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள குடியிருப்புகளுக்கு வருடாந்தர உயர்வைத் தீர்மானிக்கும் வாரியத்துக்கு உறுப்பினர்களை நியமிப்பது மேயர். இலவசப் பேருந்து அப்படியில்லை. பேருந்து, சுரங்க ரயில் இரண்டும் மாநில அரசின் அமைப்பிடம் இருக்கின்றன. பணக்காரர்களுக்கு வருமான வரியைக் கூட்டவும் ஆல்பனியில் இருக்கும் மாநிலச் சட்டமன்றமும் ஆளுநரும் சம்மதிக்க வேண்டும். நம் ஊர் மாநகராட்சி மேயருக்கும் கோட்டைக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரு திருத்தம்: அவர்தான் நியூயார்க்கின் முதல் சோசலிஸ்ட் மேயர் என்று எழுதுகிறார்கள். 1990 முதல் 1993 வரை மேயராக இருந்த டேவிட் டிங்கின்ஸும் டி.எஸ்.ஏ. உறுப்பினர்தான். அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவே.

இந்தியாவோடு, தமிழர்களோடு தொடர்பு ஏதாவது?

உண்டு. சிகாகோவில் தொடங்கிய மே தினத்தை இந்தியாவில் முதன்முதலாக 1923ல் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடியவர் சிங்காரவேலர். ஜெயப்பிரகாஷ் நாராயண் 1920களில் அமெரிக்காவில் படித்தபோது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில்தான் மார்க்சியத்துக்கு வந்தார், ரஷ்யாவில் அல்ல. அண்மைக் காலத்தில் என்றால் க்ஷமா சாவந்த். புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 2013ல் சியாட்டில் நகரசபைக்கு சோசலிஸ்ட் என்ற அடையாளத்தோடே நின்று ஜெயித்தார். மறு வருடம் குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. 2021ல் அவரைத் திருப்பி அழைக்க நடந்த வாக்கெடுப்பில் சில நூறு ஓட்டில் தப்பித்தார். 2024 தொடக்கம்வரை பதவியில் இருந்தார்.